பழைய போர்டு எழுத்து வேண்டுமா? எந்த மென்பொருளில் செய்வது?

பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் மேசைக்கு ஒரே மாதிரி வேலை வரும். தோட்டத்தை விட்டு ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று போனவர்கள் மறுபடி ஒன்றுகூடுவார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிபட்டுவிட்டன. கித்தா (ரப்பர்) மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. சட்டையிலும் பேனரிலுமாவது பழைய தோட்டம் தெரிய வேண்டும் என்பது அவர்களின் ஆசை. "அண்ணே, அந்தக் காலத்து போர்டு எழுத்து மாதிரி இருக்கணும்" என்பார்கள்.

இப்போது அந்த வேலையைத் தாங்களே செய்யப் பார்க்கும் இளையவர்கள் பலர். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். போட்டோஷாப்புக்குப் பணம் கட்டலாமா, இலவச ஜிம்ப் போதுமா, கைப்பேசியிலேயே ஓடும் கான்வாவில் முடித்துவிடலாமா? அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"பழைய தோற்றம்" என்றால் எது?

மென்பொருளைப் பற்றிப் பேசுமுன் இதைத் தீர்மானிக்க வேண்டும். ரெட்ரோ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன.

ஒன்று பலகை எழுத்து. கடை முகப்பிலும் லாரிப் பக்கத்திலும் தூரிகையால் எழுதியது. தடித்த எழுத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும் கெட்டியான நிழல், மேலே ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். மங்கல் எதுவும் இருக்காது.

இரண்டாவது அச்சு எழுத்து. பழைய துண்டறிக்கை, திருவிழா நோட்டீஸ், 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களின் பழைய பக்கங்கள். மை கொஞ்சம் பரவியிருக்கும். இரண்டாம் நிறம் இம்மி விலகியிருக்கும். தாள் பழுத்திருக்கும்.

மூன்றாவது எண்பதுகளின் வீடியோ கேசட் அட்டை. நியான் ஒளி, குரோம் பளபளப்பு, ஊதாவிலிருந்து ஆரஞ்சுக்குப் போகும் வானம்.

முதலாவதற்குத் தேவை நல்ல எழுத்து வடிவம். இரண்டாவதற்குத் தேவை டெக்ஸ்சர், அதாவது தாளின், சுவரின் சொரசொரப்பு. மூன்றாவதற்குத் தேவை லேயர் ஸ்டைல், அதாவது எழுத்து இருக்கும் அடுக்கின் (லேயர்) மேல் போடும் ஒளி, நிழல் எஃபெக்ட். எதற்கு எது சரி என்ற பதிலில் பாதி இங்கேயே வந்துவிடுகிறது.

எவற்றை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், தமிழ் உடையாமல் வருகிறதா என்பது. எனக்கு ஒரு பேனரில் பாடம் கிடைத்தது. "பெரட்டுக் களம்" (காலையில் தோட்டத் தொழிலாளரைப் பெயர் கூப்பிடும் இடம்) என்று போட்டு அனுப்பினேன். அச்சுக்கடைக் கணினியில் இருந்த பழைய மென்பொருள் எகரக் கொம்பை ப-வுக்குப் பின்னால் தள்ளிவிட்டது. பத்தடி பேனரில் "பரெட்டுக் களம்" என்று வந்தது. பெரட்டில் நின்று பெயர் கூப்பிடக் கேட்டு வளர்ந்த ஆத்தாமார் அதன் கீழே நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். அன்று முதல், எந்த மென்பொருளைத் திறந்தாலும் கொ, தௌ, ஸ்ரீ, பெரட்டு என நான்கையும் அடித்துப் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்குகிறேன்.

இரண்டாவது, எழுத்தின் வடிவத்தையே திருத்த முடிகிறதா என்பது. தமிழுக்கு இது மிக முக்கியம். 1978இல் தமிழ்நாட்டு அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. பின்னர் மலேசியாவும் சிங்கப்பூரும் அதையே ஏற்றன. ஆகவே ஐம்பதுகளின் "தோட்டப் பாடசாலை" பலகையில் இருந்தது இன்றைய லை அல்ல, யானைத் தும்பிக்கை போல் முன்னால் வளைந்து ஏறும் பழைய லை. யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே குறியீடுதான், உருவத்தைத் தருவது எழுத்துரு. இன்று நாம் இறக்கிப் பயன்படுத்தும் எழுத்துருக்களில் பெரும்பாலானவை புதிய வடிவத்தையே தருகின்றன. என்ன நிழல் போட்டாலும், எவ்வளவு துருப்பிடிக்க வைத்தாலும், அந்த லை புதியதாக இருந்தால் பார்க்கிற பெரியவர்களுக்கு ஏதோ ஒட்டவில்லை என்று உடனே தெரிந்துவிடும். பலகையில் மலாய்ச் சொல் வந்தால் அதற்கும் இதே கவனம் தேவை. 1972இல் மலாய் எழுத்துக்கூட்டல் மாறியது. ஐம்பதுகளின் பலகை என்றால் அதற்கு முந்தைய எழுத்துக்கூட்டல்தான் பொருந்தும்.

மூன்றாவது, எஃபெக்ட் போட்ட பிறகும் வாசகத்தை மாற்ற முடிகிறதா? ஏற்பாட்டுக் குழு கடைசி நாளில் தேதியை மாற்றும். அது கட்டாயம் நடக்கும்.

நான்காவது, எங்கே அச்சாகிறது? வாட்ஸ்அப் அழைப்பு, சட்டை, பேனர் மூன்றும் வேறு வேறு கணக்கு. கடைசியாகப் பணமும் கணினியும்.

போட்டோஷாப்

லேயர் ஸ்டைலில் இதற்கு நிகர் இல்லை. ஸ்ட்ரோக், கிரேடியன்ட் ஓவர்லே, இன்னர் ஷேடோ, பெவல் எல்லாவற்றையும் ஒரே எழுத்து லேயரில் அடுக்கலாம். பிறகு வாசகத்தை மாற்றினாலும் எஃபெக்ட் அப்படியே புது எழுத்தில் உட்கார்ந்துகொள்ளும். கேசட் அட்டைக் குரோம் எழுத்துக்கு இதுதான் சரியான இடம். எழுத்தைச் சுவர்ப் படத்தின் மேல் வைத்து டிஸ்ப்ளேஸ் ஃபில்டர் கொடுத்தால், சுவரின் மேடுபள்ளத்தோடு எழுத்தும் வளைந்து போகும்.

தமிழுக்கு ஓர் ஏற்பாடு தேவை. பழைய பதிப்புகளில் தமிழ் யூனிகோடு உடைந்தே வந்தது. அதனால்தான் நம்மில் பலர் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவிலேயே பல வருடம் ஓட்டினோம். பின்னர் வந்த சில பதிப்புகளில், ப்ரெஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர வேண்டியிருந்தது. இப்போதைய பதிப்புகளில் அது தேவையில்லை, பாராகிராஃப் பேனலில் வேர்ல்ட்-ரெடி காம்போசர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் தமிழ் ஒழுங்காக வரும். ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பில் மாற்றம் தெரியாவிட்டால் புதுக் கோப்பில் சோதிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு சந்தாதான். 2013 முதல் போட்டோஷாப்பைத் தரும் அடோபி சந்தா வழிக்கு மாறிவிட்டது. வருட ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டும் திட்டத்தை எடுத்துவிட்டு நடுவில் நிறுத்தினால் அதற்கும் ஒரு கட்டணம் விழும். ஒரே ஓர் ஒன்றுகூடலுக்காக இதற்குள் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். மாதம் நான்கைந்து வேலையாவது வருகிறது, அச்சுக்கடை சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்களுக்கான) கோப்பு கேட்கிறது, படமும் எழுத்தும் கலந்த வேலைதான் அதிகம் என்றால் கட்டுகிற பணம் திரும்பி வரும்.

ஜிம்ப்

இலவசம். தமிழ் எழுத்தைச் சேர்க்கும் வேலையைப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரல்கள் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே எதையும் மாற்றி வைக்காமலே தமிழ் சரியாக வருகிறது. முன்பெல்லாம் ஜிம்பின் பெரிய குறை, ஃபில்டர் போட்டால் திரும்பிப் போக முடியாததுதான். மார்ச் 2025இல் வந்த 3.0 பதிப்பு அதைப் பெருமளவு தீர்த்துவிட்டது. ஃபில்டரை லேயரின் மேல் வைத்து, பிறகும் திருத்தலாம். எழுத்துக்கு வெளிக்கோடும் அதே போல் வந்திருக்கிறது.

பலகை எழுத்தின் கெட்டி நிழலுக்கு லைட் அண்ட் ஷேடோவில் லாங் ஷேடோ ஃபில்டர் இருக்கிறது. ஸ்டைலை ஃபைனைட் என்று வைத்து, கோணம் 45, எழுத்து உயரத்தில் எட்டில் ஒரு பங்கு நீளம் கொடுங்கள். போட்டோஷாப்பில் லேயரை ஒவ்வொரு பிக்சலாக நகர்த்தி நகல் எடுத்துச் செய்கிற வேலை இங்கே ஒரு நிமிடத்தில் முடிகிறது.

ஆனால் நான் ஜிம்பை விரும்புவது அச்சு எழுத்துக்காக. செய்முறை எளிது. எழுத்தைக் கறுப்பில் வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். அச்சு அளவில் 2 அல்லது 3 பிக்சல் காசியன் பிளர் (மங்கலாக்கும் ஃபில்டர்) கொடுங்கள். பிறகு லெவல்ஸில் கறுப்பு, வெள்ளை முக்கோணங்களை நடுவை நோக்கி நெருக்குங்கள். கூர்மையான முனைகள் எல்லாம் உருண்டு, ண-வின் சுழிக்குள் மை தேங்கியது போல் ஆகும். பழைய ஈய எழுத்து தாளில் அழுந்தினால் இப்படித்தான் இருக்கும். இரண்டு நிற நோட்டீஸ் வேண்டுமென்றால், சிவப்பில் ஒரு நகல், நீலத்தில் ஒரு நகல் எடுத்து, மேல் லேயரை மல்டிப்ளையில் வைத்து மூன்று நான்கு பிக்சல் தள்ளிவிடுங்கள். படங்களுக்குப் புள்ளி புள்ளியான நாளிதழ்த் தோற்றத்தை நியூஸ்பிரின்ட் ஃபில்டர் தரும். கடைசியாக, ஒரு பழைய சுவரையோ சிமெண்டுத் தரையையோ கைப்பேசியில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, லேயர் மாஸ்க்கில் ஒட்டினால் தேய்மானம் வந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் கிரஞ்ச் படத்தைவிட உங்கள் தோட்டத்துக் கோயில் சுவரே மேல். ஒன்றுகூடலுக்கு வருகிறவர்கள் சாய்ந்து நின்ற சுவர் அது.

மறைந்திருக்கும் செலவு நேரம். யூடியூபில் கிடைக்கும் பாடங்களில் நிறைய பழைய 2.10 பதிப்புக்கானவை. மெனு இடம் மாறியிருப்பதால் புதியவர்கள் குழம்புகிறார்கள். கோப்பு ஆர்ஜிபியில்தான் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கணக்கு) உருவாகும். சிஎம்ஒய்கேயில் எப்படி வரும் என்று ப்ரூஃப் பார்க்கலாம், ஆனால் போட்டோஷாப்பைப் போல் அதற்குள்ளேயே நிறம் பிரித்து வேலை செய்ய முடியாது. நம் ஊர்களின் பேனர் கடைகளில் பெரும்பாலும் ஜேபெக் அல்லது பிடிஎஃப் கொடுத்தால் போதும் என்பதால் இது பெரிய தடை ஆனதில்லை.

நினைவகக் கணக்கு ஒன்று. 10 அடிக்கு 4 அடி பேனரை அங்குலத்துக்கு 100 பிக்சலில் போட்டால் 12,000 × 4,800 பிக்சல். ஒரு லேயருக்கே சுமார் 230 எம்பி ஆகும். பத்து லேயர் வைத்தால் 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினி நின்றுவிடும். உயரத்தில் தொங்கும் பேனருக்கு 72 பிக்சல் தாராளமாகப் போதும். சுமை பாதியாகிவிடும்.

இங்க்ஸ்கேப்

பட எடிட்டர்களை ஒப்பிடும்போது இதை ஏன் இழுக்கிறேன் என்று கேட்கலாம். பழைய லை செய்ய வேண்டுமென்றால் எழுத்தைக் கோடாக மாற்றி முனைகளைப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்கு இதைவிட வசதியான இலவச மென்பொருளை நான் பார்க்கவில்லை. எழுத்தை அடித்து, ஆப்ஜெக்ட் டு பாத் கொடுத்து, முன்னாலுள்ள ஐகாரக் குறியை அழித்து, தும்பிக்கையை வரைந்து, ல-வோடு யூனியன் செய்துவிடலாம். முதல் தடவை அரை மணி நேரம் பிடிக்கும். வரைந்து வைத்துக்கொண்டால் அடுத்த வேலைக்கும் உதவும்.

வெக்டர் (பிக்சலாக அல்லாமல் கோடுகளாக வரைவது) என்பதால் சட்டைக்கும் பேனருக்கும் ஒரே கோப்பு போதும், எவ்வளவு பெரிதாக்கினாலும் முனை உடையாது. ஜெனரேட் ஃபிரம் பாத் பகுதியிலுள்ள மோஷன் நீட்டிப்பு கெட்டி நிழல் தரும். சில்க் ஸ்கிரீன் சட்டைக்கு இது மிகப் பெரிய வசதி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் என்பதால், எழுத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று இரண்டு நிறத்தில் முடித்துக்கொண்டால் செலவு அடங்கும். கிரேடியன்டும் ஒளிவட்டமும் நிறைந்த குரோம் எழுத்தை சில்க் ஸ்கிரீனுக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் முடியாது என்று தலையாட்டிவிடுவார். அதற்கு டிடிஎஃப் அச்சுதான் (படலத்தில் அச்சிட்டு, சூட்டில் சட்டையில் ஒட்டுவது) வழி.

தேய்மானம், மைக்கறை போன்றவற்றில் இது பலவீனம். அவற்றுக்கு ஜிம்புக்குத் திரும்ப வேண்டும்.

போட்டோபியா

உலாவியில் ஓடும், போட்டோஷாப் மாதிரியே இருக்கும். லேயர் ஸ்டைல்கள் உண்டு, போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பு திறக்கும், சொந்த எழுத்துருவையும் ஏற்றலாம். விளம்பரம் வரும். கோப்பு நம் கணினியிலேயே இருக்கிறது, எங்கும் ஏற்றப்படுவதில்லை. பள்ளிக் கணினியிலோ இரவல் மடிக்கணினியிலோ எதையும் நிறுவ முடியாதவர்களுக்கு நல்ல வழி. உலாவியை மூடுமுன் பிஎஸ்டியாகச் சேமிக்க மறக்காதீர்கள். பேனர் அளவுக்கு இதை நான் பயன்படுத்துவதில்லை.

கான்வா

வாட்ஸ்அப் அழைப்பு இன்று மாலைக்குள் வேண்டும் என்றால் கான்வாதான். எக்கோ, ஸ்பிளைஸ் இரண்டும் பழைய சாயல் தரும், நியான் ஒரே சொடுக்கில் வரும், கைப்பேசியிலேயே முடித்துவிடலாம். ஆனால் எழுத்தின் வடிவத்தை மாற்ற இடமில்லை. சொந்த எழுத்துரு ஏற்றவும், பின்புலம் இல்லாத பிஎன்ஜி, எஸ்விஜி எடுக்கவும், சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுக்கவும் ப்ரோ சந்தா வேண்டும். சட்டைக்கு அனுப்பும் நேரத்தில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

கையால் எழுதி ஸ்கேன் செய்வது

பலகை எழுத்துக்கு என் முதல் தேர்வு இதுதான்.

எங்கள் ஊரில் கடைப் பலகையும் கோயில் வளைவும் எழுதிய பெரியவர் ஒருவரிடம் ஒரு தலைப்பு எழுதி வாங்கினேன். சாக்பீஸ் தடவிய நூலை இழுத்துத் தெறித்து இரண்டு கோடு போட்டார். எழுத்துகளை எண்ணவில்லை. ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம் கேட்கும் என்று விரலால் அளந்தார். ட-வை ஒடுக்கி, ண-வுக்குத் தாராளமாக இடம் விட்டார். ஒரே வார்த்தையில் இரண்டு "ட" வந்தால் இரண்டும் ஒன்று போல் இல்லை. எழுத்துருவில் இரண்டு ட-வும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். பழைய பலகைக்கும் கணினிப் பலகைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பழைய லை-யை அவர் யோசிக்காமலே எழுதினார். அவர் கை பழகிய லை அது.

வெள்ளை அட்டையில் கறுப்புப் பெயின்டால் எழுதியதை ஸ்கேன் செய்யலாம். ஸ்கேனர் இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேர் மேலிருந்து கைப்பேசியில் எடுக்கலாம். ஜிம்பில் த்ரெஷோல்ட் கொடுத்துச் சுத்தமான கறுப்பு வெள்ளையாக்கி, இங்க்ஸ்கேப்பில் டிரேஸ் பிட்மேப் செய்தால் வெக்டர் ஆகிவிடும். தூரிகையின் நடுக்கம் கொஞ்சம் மிஞ்சட்டும், ரொம்ப மழமழவென்று ஆக்க வேண்டாம்.

செலவும் உண்டு. வாசகம் மாறினால் மறுபடி எழுத வேண்டும். அதனால் தலைப்பு மட்டும் கையெழுத்து, தேதியும் இடமும் எழுத்துருவில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எழுதித் தருகிறவருக்கு ஒரு நாள் கூலியாவது கொடுங்கள். மெனுவில் சொடுக்கி வருகிற எஃபெக்ட் அல்ல அது, நாற்பது வருடக் கை.

ஒரே பார்வையில்

| வழி | தமிழ் எழுத்து | வடிவம் திருத்த | பின்னால் வாசகம் மாற்ற | பெரிய அச்சு | செலவு |
|---|---|---|---|---|---|
| போட்டோஷாப் | அமைப்பு மாற்றினால் சரி | முடியும் | மிக எளிது | நன்று, சிஎம்ஒய்கே உண்டு | சந்தா |
| ஜிம்ப் | சரி | ஓரளவு | 3.0இல் எளிது | ரேம் வேண்டும் | இலவசம் |
| இங்க்ஸ்கேப் | சரி | மிக நன்று | கோடாக மாற்றும்வரை | மிக நன்று | இலவசம் |
| போட்டோபியா | சோதித்துத் தொடங்கவும் | முடியும் | எளிது | சிறிய அளவுக்கு | இலவசம், விளம்பரத்தோடு |
| கான்வா | உள்ள எழுத்துருக்களில் | முடியாது | எளிது | ப்ரோ இருந்தால் | இலவசம் / ப்ரோ |
| கையெழுத்து | எழுதுகிறவர் கை | தேவையே இல்லை | கடினம் | வெக்டரானால் மிக நன்று | கூலி, ஒரு நாள் |

எழுத்துரு, வெளிக்கோடு, புள்ளி

எந்த வழியை எடுத்தாலும் இவை பொது. கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் பலூ தம்பி 2 தடித்து உருண்டது, கடைப் பலகைச் சாயலுக்கு ஒத்துவரும். அனேக் தமிழில் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம், நோட்டீஸ் தலைப்புக்கு ஒடுக்கி வைக்கலாம். கவிவனார் சாய்ந்த கையெழுத்து. மேக் கணினியில் வரும் இணைமதி நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்தது, அழைப்பின் சிறிய வரிகளுக்குத் தெளிவாக இருக்கும். "இலவசம்" என்று எங்கிருந்தோ இறக்கிய எழுத்துருவில் சட்டை அடித்து விற்குமுன் அதன் உரிமத்தைப் படியுங்கள். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று பல எழுத்துருக்களில் போட்டிருக்கும்.

ஆங்கில எழுத்துக்கான பாடத்தை அப்படியே தமிழுக்குப் போட்டால் கெட்டுப்போகும். தடித்த ஸ்ட்ரோக் கொடுத்தால் மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டி, "ட்" "ட" ஆகிவிடும். ஸ்ட்ரோக்கைக் குறையுங்கள், அல்லது கோடாக மாற்றிப் புள்ளியை மேலே தூக்குங்கள். எழுத்து இடைவெளியை மிகவும் கூட்டினால் கொம்பு தன் எழுத்தைவிட்டுப் போய்விடும். இரண்டு வரி என்றால் மேல் வரியின் நிழல் கீழ் வரியின் விசிறிகளில் இடிக்காதபடி இடம் விடுங்கள்.

நான் என்ன சொல்வேன்?

ஒன்றுகூடல் சட்டைக்குக் கையெழுத்துத் தலைப்பு, இங்க்ஸ்கேப்பில் இரண்டு நிறம். எழுதித் தர ஆள் இல்லையென்றால் பலூ தம்பியில் அடித்து, 1978இல் மாறிய எழுத்துகளை மட்டும் பழைய வடிவத்துக்குத் திருத்துங்கள். பேனருக்கு அதே கோப்பைப் பெரிதாக்கி, ஜிம்பில் சுவர் டெக்ஸ்சர் சேர்த்தால் போதும். பள்ளி ஆண்டு மலர் அட்டைக்கு ஜிம்பின் அச்சு எழுத்து. கேசட் காலத்து நியான் தோற்றம்தான் வேண்டும், ஏற்கெனவே சந்தாவும் இருக்கிறது என்றால் போட்டோஷாப், சந்தா இல்லையென்றால் போட்டோபியா. வாட்ஸ்அப்புக்கு மட்டும் என்றால் கான்வாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு அனுப்பும்போது எழுத்துகளையெல்லாம் கோடாக மாற்றிய பிடிஎஃப் ஒன்றும், திருத்துவதற்கான மூலக் கோப்பு ஒன்றும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். பேனரில் வரப்போகிற அதே அளவில் ஒரே ஓர் எழுத்தை ஏ4 தாளில் எடுத்து, சுவரில் ஒட்டி, இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். புள்ளி தெரிகிறதா, சுழிக்குள் நிழல் அடைத்திருக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பிறகு அதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவரிடம் காட்டி, ஒன்றும் சொல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.